மெஜஸ்டி டெமோஸ் 1985-86: ட்ரீம் தியேட்டர் ஆகறதுக்கு முன்னாடி இருந்த ட்ரீம் தியேட்டர்

ட்ரீம் தியேட்டர்ங்கற அமெரிக்க ப்ரோக் மெட்டல் (சிக்கலான தாளமும் நீளமான பாட்டும் உள்ள ஹெவி மெட்டல்) பேண்டை கேக்கறவங்கள்ல முக்காவாசிப் பேரு 1992ல வந்த இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்ல தான் தொடங்குவாங்க, கொஞ்சம் வெறி கூடினவங்க 1989ல வந்த மொத ஆல்பம் வரைக்கும் பின்னால போயி பாப்பாங்க, அதுக்கும் பின்னால ஒண்ணு கெடக்கு மக்கா கேளுங்கன்னு சொன்னா "அது டெமோ தானே, சவுண்டே சரியா இருக்காதே"ன்னு தள்ளி விட்டுருவாங்க. அப்படி எல்லாரும் தள்ளி விட்டதைப் பத்தி தான் இந்த ரிவ்யூ. மெஜஸ்டி டெமோஸ், அதாவது ஆல்பம் போடறதுக்கு முன்னாடி மாதிரிக்கு பதிவு பண்ணின பாட்டுங்க. என் கருத்தை மொதல்லயே சொல்லிடறேன், இது நல்ல ஆல்பம் கெடையாது, ஆனா ஒரு பேண்டு எப்படி பாட்டு கட்டுதுன்னு இவ்ளோ வெளிப்படையா காட்டற ரெக்கார்டிங் வேற எதையும் நான் கேட்டதில்ல, அதனால ப்ரோக் மெட்டல் கேக்கறவங்களை விட அதை வாசிக்கணும்னு கைய பெசஞ்சிட்டு இருக்கறவங்க கட்டாயமா கேக்கணும்.

கதை தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். 1985, பாஸ்டன்ல பெர்க்லீ காலேஜ் ஆஃப் மியூசிக். ஜான் பெட்ரூச்சி கிட்டாரு, ஜான் மயங் பேஸ் கிட்டாரு, ரெண்டு பேரும் நியூயார்க் பக்கத்துல லாங் ஐலண்ட்ல இருந்து ஒண்ணா படிக்க வந்த கூட்டாளிங்க, அங்கன ப்ராக்டிஸ் ரூம்ல மைக் போர்ட்னாய் டிரம்ஸ் அடிக்கறதைப் பாத்துட்டு அவரையும் சேத்துக்கிட்டாங்க. பொறவு பெட்ரூச்சியோட சின்ன வயசு கூட்டாளி கெவின் மூர் கீபோர்டுக்கு வந்தாரு. பேரு கெடைச்ச கதை அழகா இருக்கும், ரஷ்ங்கற ராக் பேண்டோட கச்சேரி டிக்கெட்டுக்கு க்யூவுல நின்னுக்கிட்டு அவங்க பாட்டையே பூம்பாக்ஸ்ல போட்டு கேட்டிருக்காங்க, பாஸ்டீல் டே பாட்டோட முடிவு வந்தப்போ போர்ட்னாய் அது மெஜஸ்டிக்கா இருக்குன்னு சொன்னாரு, அப்படியே மெஜஸ்டி ஆயிடுச்சு. பாடறதுக்கு கிறிஸ் காலின்ஸ், அவரு க்வீன்ஸ்ரைக்குங்கற மெட்டல் பேண்டோட க்வீன் ஆஃப் தி ரைக் பாட்டை பாடினதைக் கேட்டு தான் எடுத்தாங்க. மூணு பேரு பெர்க்லீயை பாதியில விட்டாங்க, மூரும் அவரு படிச்ச காலேஜை விட்டாரு, 1986ல ஆறு பாட்டை ரெக்கார்டு பண்ணி 1000 கேசட் போட்டாங்க. ஆறு மாசத்துக்குள்ள அத்தனையும் தீந்து போச்சு. அதே வருஷம் நவம்பர்ல காலின்ஸ் விலகிட்டாரு, 1987ல சார்லி டொமினிச்சி வந்தாரு, லாஸ் வேகாஸ்ல அதே பேருல இன்னொரு பேண்டு இருந்து கேஸ் போடுவோம்னு சொன்னதால பேரையும் மாத்த வேண்டி வந்துது, போர்ட்னாயோட அப்பா கலிஃபோர்னியாவுல மான்டரேங்கற ஊர்ல இருந்த ஒரு சினிமா தியேட்டரோட பேரைச் சொன்னாரு, அது தான் இப்போ நமக்குத் தெரிஞ்ச பேரு.

இந்த ஆறு பாட்டையும், கூடவே அதுக்கு முன்னாடி 1985ல பெர்க்லீயில இருந்தப்போ பதிவு பண்ணி வெச்ச துண்டு துணுக்கையும் சேத்து 2003ல யிட்ஸேஜாம் ரெக்கார்ட்ஸ்னு அவங்களோட சொந்த லேபிள்ல சிடியா போட்டாங்க. இப்போ இன்சைட்அவுட் லேபிள் அவங்க பழைய சரக்கையெல்லாம் லாஸ்ட் நாட் ஃபர்காட்டன் ஆர்க்கைவ்ஸ்னு வரிசையா மறுபடி வெளியிடுதுல்ல, அதுல இதுவும் இருக்கு. நான் கேட்டது ஸ்ட்ரீமிங்ல. களியக்காவிளையில இருந்து திருவனந்தபுரத்துக்கு பஸ்ல தம்பானூர் போய்ச் சேர்ற நேரத்துக்கு ஆறு பாட்டும் தாராளமா ஓடி முடிஞ்சிரும், ஆனா தயவு செஞ்சு பஸ்ல மட்டும் கேட்டுட்டு முடிவு பண்ணிடாதீங்க, கே.எஸ்.ஆர்.டி.சி இன்ஜின் சத்தத்துல இந்த ரெக்கார்டிங்ல உள்ள பேஸ் முழுக்க முங்கிப் போயிரும், பேஸ் போச்சுன்னா இதுல பாதி போச்சு.

எல்லாரும் பண்றது என்னன்னா நேரா அந்த ஆறு பாட்டுக்கு போவாங்க, மொத பாட்டுல காலின்ஸோட குரல் உச்சத்துல கிறீச்சுன்னு ஏறும், ரெண்டாவது நிமிஷத்துலயே ஆஃப் பண்ணிருவாங்க. நான் சொல்றது வேற வழி. பாட்டு இல்லாம வெறும் வாத்தியமா இருக்கற பெர்க்லீ பதிவுகளை மொதல்ல கேளுங்க. அனதர் வன், டூ ஃபார், யுவர் மெஜஸ்டி, இந்த மூணுக்கும் குரல் இல்லாத பழைய வடிவம் இதுலயே இருக்கு. மொதல்ல அனதர் வன் வாத்திய வடிவம், அது முடிஞ்ச உடனே 1986 பாடின வடிவம், பொறவு 2006 ஏப்ரல் 1ஆம் தேதி நியூயார்க் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலுல நடந்த 20ஆம் வருஷ கச்சேரி, ஸ்கோர்ங்கற பேருல வந்தது, அதுலயும் இதே பாட்டை வாசிச்சிருக்காங்க, அங்க பாடறது ஜேம்ஸ் லப்ரீ. மூணையும் அடுத்தடுத்து கேட்டா நான் என்ன சொல்ல வர்றேன்னு காதே சொல்லிரும்.

வாத்திய வடிவத்துல அந்த பாட்டு ஏற்கெனவே முழுசா முடிஞ்சு போயிருக்கு. எங்க ரிஃப் (திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் வரி) மாறணும், எங்க ஸ்டாப் அடிக்கணும், கிட்டாரும் பேஸும் எங்க ஒண்ணா ஓடி எங்க பிரியணும் எல்லாமே கச்சிதமா நிக்குது, மூச்சு விட ஒரு இஞ்சு எடம் கெடையாது. இப்படி அடைச்சு வெச்ச ஒரு வீட்டுக்குள்ள பாட வர்றவன் எங்க உக்காருவான் சொல்லுங்க. காலின்ஸுக்கு கெடைச்ச ஒரே எடம் மேல, உச்சஸ்தாயியில, கிட்டாரும் கீபோர்டும் எட்டாத ஒயரத்துல. அதனால அவரு அங்க போயி நின்னாரு. எல்லாரும் இத்தனை வருஷமா அவரோட குரல் தான் இந்த டெமோவோட குறைன்னு சொல்லிட்டு வர்றாங்க, எனக்கு அது நியாயமா படல. குறை பாட்டை எழுதின முறையில இருக்கு. மெட்டும் வரியும் கடைசியில கொண்டு வந்து ஒட்டினது, வாத்தியம் அதுக்காக ஒரு அடி கூட நகந்து குடுக்கல. வேணும்னா யுவர் மெஜஸ்டிய எடுத்துக்கோங்க, அதுல கொஞ்சம் நேரடியான ஹெவி மெட்டல் கட்டு, வாத்தியம் அவ்ளோ பேசல, அங்க காலின்ஸ் நல்லாவே பாடியிருக்காரு, அந்தக் காலத்து க்வீன்ஸ்ரைக் ரசிகனுக்கு அது சட்டுனு புடிக்கும். எடம் குடுத்தா பாடுவாரு, அவ்ளோ தான் விஷயம்.

ஸ்கோர்ல லப்ரீ பாடும்போது பாட்டு கேக்க சுகமா இருக்குன்னு நெறைய பேரு சொல்லுவாங்க, எனக்கும் அது புடிக்கும், ஆனா அங்கயும் கூர்ந்து கேட்டா பாட்டோட எலும்பு மாறல, 20 வருஷம் மேடை ஏறின பக்குவமும் நல்ல மிக்ஸும் (எல்லா சத்தத்தையும் அளவா கலக்கறது) சேந்து அந்த நெருக்கடியை மறைக்குது. 1989 ஆல்பத்துலயும் டொமினிச்சிக்கு இதே கதி தான், பாவம், அவரோட குரலையும் எல்லாரும் குறை சொன்னாங்க, ஒரே ஆல்பத்தோட வெளிய வந்துட்டாரு. பொறவு குரல் இல்லாமலே ரொம்ப நாளு எழுதிட்டு இருந்து 1991ல லப்ரீ வந்து 1992ல இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ் வந்தப்போ தான் பாட்டுக்காக வாத்தியம் ஒதுங்கறதை கத்துக்கிட்டாங்க, அதுல வெர்ஸ் (சரணம்) வரும்போது பெட்ரூச்சி எவ்ளோ கொறைச்சு வாசிக்காருன்னு கவனிச்சிருக்கீங்களா, 1986ல அந்த மனுசன் அப்படி ஒரு எடத்துல கூட கைய கட்டிட்டு நின்னதில்ல. ஆளு மாறினதை விட எழுதற முறை மாறினது தான் பெருசு, இந்த டெமோவைக் கேக்காம அது தெரியவே தெரியாது.

சரி, தாளம். என்னைப் பொறுத்தவரைக்கும் இந்த ரெக்கார்டிங்ல இன்னிக்கும் பழசாகாத விஷயம் இது தான். பெர்க்லீ பதிவுகள்ல ரஷ்ஷோட ஒய் ஒய் ஸீயை வாசிச்சிருக்காங்க. கனடாவுல டொராண்டோ ஏர்போர்ட்டோட குறியீடு அது, அதை மோர்ஸ் கோடுல தட்டினா வர்ற தாளம் தான் பாட்டோட தொடக்கம். கோடுக்கு ரெண்டு, புள்ளிக்கு ஒண்ணுன்னு எண்ணிப் பாருங்க, ஒய் வந்தா ஏழு, இன்னொரு ஒய் இன்னொரு ஏழு, ஸீ வந்தா ஆறு, மொத்தம் இருபது, அஞ்சு அடிக்கு நாலு நாலா பிரிச்சா சரியா உக்காந்துக்கும். நம்ம ஊரு ஆளுக்கு இதைச் சொல்லிக் குடுக்கறது ரொம்ப சுலபம், ரெண்டு மிஸ்ரம் (ஏழு) ஒரு ஆறுன்னு சொன்னா போதும், கண்டத்துல (அஞ்சுல) வந்து விழுதுன்னு உடனே தொடையில தட்டிக் காட்டிருவாங்க. எங்க பக்கம் கோயில் கொடைக்கும் சர்ச் திருநாளுக்கும் ஒரே குழு தான் சிங்காரி மேளம் வாசிக்கும், அந்த மாதிரி ஒரு குழுவுல செண்ட அடிக்கற ஒரு அண்ணனுக்கு நான் இந்த பதிவைப் போட்டுக் காட்டினேன், அவருக்கு மெட்டல்னா என்னன்னே தெரியாது, கிட்டாரு சத்தம் கேட்டு மொகத்தைச் சுளிச்சாரு, ஆனா போர்ட்னாய் உள்ள வந்த உடனே "லேய், இந்தப் பய சரியா எண்ணுகான் கேட்டியா"ன்னு சொன்னாரு. அதை விட நல்ல விமர்சனம் என்னால எழுத முடியாது.

அவரு பொறவு ஒரு விஷயம் சொன்னாரு, அது எனக்கு இந்த டெமோவைக் கேக்கறதுக்கு ஒரு புது வழியாவே ஆயிடுச்சு. கேரளத்துல பஞ்சாரி மேளம் இருக்குல்ல, மொத காலத்துல ஒரு சுத்துக்கு 96 அட்சரம், அடுத்தது 48, பொறவு 24, 12, கடைசியில 6. ஒவ்வொரு காலமா சுருங்கிட்டு வரும், வேகம் ஏறிட்டே போகும், ரொம்ப நேரம் பொறுமையா நின்னு கேட்டவனுக்கு தான் அந்த கடைசி ஆறோட வெறி புரியும். இந்தப் பசங்க நேரா ஆறுல தொடங்கிட்டாங்கன்னு அவரு சொன்னாரு. நூத்துக்கு நூறு சரி. மார்ச் ஆஃப் தி டைரண்ட், வைட்டல் ஸ்டார், டூ ஃபார் எல்லாமே தொடக்கத்துலயே உச்சத்துல இருக்கு, ஏற எடம் இல்ல. ஒவ்வொரு பாட்டையும் தனியா எடுத்துக் கேட்டா அசந்து போயிருவோம், ஆறையும் வரிசையா கேட்டா மூணாவதுலயே காது தளந்து போயிரும்.

இதுல விதிவிலக்கு எ விஷன். ஆறுல நீளமானது அது தான், பதினோரு நிமிஷத்துக்கு மேல போகும். இருபது வயசு கூட தாண்டாத பசங்க இவ்ளோ நீளமா ஒரு பாட்டை கட்ட நெனச்சதே பெரிய துணிச்சல், அதுலயும் இங்க மட்டும் தான் அவங்களுக்கு நிதானம் தெரியுது, தொடக்கத்துல காத்திருக்காங்க, ஒரு பகுதியில இருந்து இன்னொண்ணுக்கு போக நேரம் எடுத்துக்கறாங்க. நடுவுல தையல் தெரியத்தான் செய்யுது, ரெண்டு மூணு எடத்துல ஒரு பகுதி முடிஞ்சு அடுத்த பகுதி சும்மா வந்து நிக்குது, எதுக்கு வந்துதுன்னு காரணம் இல்ல, அப்படியே இருந்தாலும் பிற்காலத்துல இவங்க இருபது நிமிஷத்துக்கு மேல நீட்டி எழுதின பாட்டுகளுக்கெல்லாம் விதை இங்க தான் கெடக்குன்னு நான் உறுதியா சொல்லுவேன். ஆறுல ஒண்ணை மட்டும் கேக்க நேரம் இருக்குன்னா அனதர் வன்னை விட்டுட்டு இதைக் கேளுங்கன்னு தான் சொல்லுவேன்.

ஜான் மயங்கைப் பத்தி தனியா சொல்லணும். பிற்கால ஆல்பங்கள்ல ரொம்ப பேரோட புகாரு என்னன்னா பேஸ் கேக்கவே மாட்டேங்குது, கிட்டாருக்கு அடியில புதைச்சிட்டாங்கங்கறது. இங்க கதை தலைகீழா இருக்கு, மிக்ஸ் எளிமையா இருக்கறதால பெர்க்லீ வாத்தியப் பதிவுகள்ல அவரோட விரல் ஒவ்வொண்ணும் கேக்குது, கிட்டாரோட அதே வரியை அதே வேகத்துல பேஸ்ல ஓட்டறதும், திடீர்னு அதை விட்டுட்டு தனியா ஒரு எதிர் வரி போடறதும் தெளிவா தெரியுது. அமைதியான ஆளு, பேட்டியில கூட ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டாரு, ஆனா இந்தப் பதிவுகள்ல அதிகமா பேசறது அவரு தான். பேஸ் கத்துக்கற பசங்க யாராவது இதைப் படிச்சா, பார்ட்டிக்கிள் ஈ மோஷன்னு ஒண்ணு தொடக்கத்துல வரும், பெட்ரூச்சியும் மயங்கும் மட்டும் அமைதியா வாசிக்கறது, அதை நல்ல இயர்ஃபோன்ல ராத்திரி கேளுங்க. மொபைல் ஸ்பீக்கர்ல போட்டீங்கன்னா ஒண்ணும் தெரியாது.

மிச்சம் உள்ளதெல்லாம் வேகமா சொல்லிடறேன். மிஷன் இம்பாஸிபிள் தீம், அதுவும் அஞ்சு அடி தான், இந்தப் பசங்களுக்கு அஞ்சு மேல ஒரு மோகம் இருந்திருக்கு போல. தி ஃபேரண்டோல், பிஸே எழுதின பழைய மேற்கத்திய செவ்வியல் மெட்டு, வேகம் காட்டறதுக்காக வாசிச்சது, ஒரு தடவை கேட்டா போதும். தி சாரஸ், க்ரை ஃபார் ஃப்ரீடம், தி ஸ்கூல் சாங் எல்லாம் துணுக்கு மாதிரி. கொசுக்கள் பேருல ஒண்ணு, மயக்கம் வரப் போகுதுங்கற பேருல ஒண்ணுன்னு சில குட்டிக் குட்டி விளையாட்டுப் பதிவுகளும் கெடக்கு, ப்ராக்டிஸ் ரூம்ல பசங்க ஒண்ணா இருந்து சிரிச்சிக்கிட்டு இருந்த அந்த சந்தோஷம் அதுல இருக்கு, அதுக்காகவே ஆல்பத்துல அதை விட்டு வெச்சது எனக்கு புடிச்சிருக்கு. ஆனா ஆல்பமா தொடர்ந்து கேக்கும்போது இது இடைஞ்சல் தான், அந்த வரிசை இன்னும் கொஞ்சம் யோசிச்சு வெச்சிருக்கலாம், வாத்திய வடிவமும் பாடின வடிவமும் அடுத்தடுத்து வந்திருந்தா கேக்கறவனுக்கு எவ்ளோ லாபம். நான் பண்ணின மாதிரி நீங்களே ஒரு ப்ளேலிஸ்ட் போட்டு மாத்தி அடுக்கிக்கோங்க.

சவுண்டைப் பத்தி கேப்பீங்க. இரைச்சல் இருக்கு. டிரம்ஸ்ல சிம்பல் எல்லாம் ஒண்ணா சேந்து ஒரு மூட்டமா கேக்கும், கீபோர்டு பல எடத்துல பின்னால எங்கயோ நின்னு வாசிக்கற மாதிரி இருக்கும், மூருக்கு இதுல நியாயம் கெடைக்கல, அவரோட மெட்டு உணர்ச்சி பிற்பாடு எவ்ளோ பெரிய விஷயமா ஆச்சுன்னு தெரிஞ்சவங்களுக்கு அது கொஞ்சம் வருத்தமா இருக்கும். ஆனா 1986ல இதை வாங்கினவன் எப்படி கேட்டான்னு யோசிச்சுப் பாருங்க. 1000 கேசட் தீந்த பொறவு இது பரவினதெல்லாம் கேசட்ல இருந்து கேசட்டுக்கு காப்பி எடுத்து தான். நம்ம ஊருல மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கம் ரெக்கார்டிங் சென்டர்னு கடைங்க இருந்துது, பெரியவங்களைக் கேட்டா சொல்லுவாங்க, பாட்டு லிஸ்ட் எழுதிக் குடுத்து வெத்து கேசட் ஒண்ணு குடுத்தா ரெண்டு நாளு கழிச்சு நெறச்சுத் தருவாங்க, அறுபதா தொண்ணூறான்னு கேப்பாங்க. அந்தக் கேசட்டை இன்னொருத்தன் வாங்கிட்டுப் போயி காப்பி எடுப்பான், அதுல இருந்து இன்னொருத்தன். ஒவ்வொரு காப்பிக்கும் மேல் சுரம் கொஞ்சம் கொஞ்சமா தேஞ்சு போயி இஸ்ஸ்ஸுங்கற டேப் இரைச்சல் ஏறிட்டே வரும். அப்படி தேஞ்சு போன காப்பியைக் கேட்டும் ஒரு கூட்டம் இந்தப் பேண்டு மேல பைத்தியமா ஆச்சுன்னா அது சவுண்டால வந்தது இல்ல. இப்போ நமக்கு கெடைக்கறது அப்படி தேஞ்ச காப்பி இல்ல, அவங்களை விட நாம எவ்ளோ குடுத்து வெச்சவங்க. டெமோன்னா இப்படித்தான் இருக்கும்னு மனசுல வெச்சுக்கிட்டு வால்யூமை வழக்கத்தை விட கொஞ்சம் கொறைச்சு வெச்சு கேட்டா மூட்டம் கொறையும், இது நான் சோதிச்சுப் பாத்த விஷயம், சத்தமா வெச்சா சிம்பல் தான் காதைக் கிழிக்கும்.

யாருக்கு இது வேண்டாம்னும் சொல்லணும். ட்ரீம் தியேட்டரையே இப்போ தான் புதுசா கேக்கத் தொடங்கறவங்க தயவு செஞ்சு இங்க தொடங்காதீங்க. இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ் கேளுங்க, 1994ல வந்த அவேக் கேளுங்க, மெதுவா வாங்க. 2023ல போர்ட்னாய் திரும்பி வந்த பொறவு 2025ல வந்த பாராசோம்னியாவைக் கேட்டுட்டு உள்ள வந்தவங்களுக்கும் இது ஒடனே ஒட்டாது, அதுல உள்ள பளபளப்புக்கும் இதுக்கும் 40 வருஷ தூரம். குரல் தான் பாட்டுன்னு நெனக்கறவங்களுக்கும் வேண்டாம், ஏமாந்து போவீங்க. எல்லைக்கு அந்தப் பக்கம் மதர்ஜேன்ங்கற பேண்டை கேட்டு வளந்தவங்க நெறைய பேரு நம்ம பக்கம் இருக்காங்க, கொச்சிக்காரங்க, மக்தூப் ஆல்பத்துல பைஜு தர்மஜன் கிட்டாருல கமகத்தை இழுக்கற இழுப்பு எங்க ஊரு பசங்களுக்கெல்லாம் ஒரு பாடம் மாதிரி, அந்த ருசியில இருக்கறவங்களுக்கு பெட்ரூச்சியோட 1985 வாசிப்பு கொஞ்சம் காய்ஞ்சு போன மாதிரி தான் தோணும், வேகம் இருக்கு, சுத்தம் இருக்கு, சுரத்தை நிறுத்தி ரசிக்கற பொறுமை இன்னும் வரல. அது உண்மை, அதை மறைக்க வேண்டிய அவசியம் இல்ல.

வேணும்ங்கறது யாருக்குன்னா, வாசிக்கற பசங்களுக்கு. குழித்துறையில இருந்து பாறசாலை வரைக்கும் எடுத்துக்கிட்டா சர்ச் கொயர்ல கீபோர்டு வாசிக்கறவன், கல்யாண வீட்டுல டிரம்ஸ் அடிக்கறவன், ரப்பர் பால் வெட்டிட்டு வந்து மத்தியானம் முழுக்க கிட்டாரு கத்துக்கறவன்னு எத்தனை பேரு. நல்லா வாசிப்பாங்க. ஆனா ரெக்கார்டு பண்ணுங்கடேன்னு சொன்னா "ஸ்டூடியோ போகணும் அண்ணே, அதுக்கு காசு சேரட்டும், பாடறவன் கெடைக்கட்டும்"னு சொல்லி வருஷக்கணக்கா தள்ளிப் போடுவாங்க, அதுக்குள்ள ஒருத்தன் கல்ஃபுக்கு போயிருவான், ஒருத்தன் சென்னைக்கு போயிருவான், பேண்டு இல்லாம போயிரும். எனக்கு அது ரொம்ப வேதனையான விஷயம். அப்படிப்பட்டவங்க இந்த பெர்க்லீ பதிவுகளைக் கேளுங்க. பாடறவன் இல்லாமலே பதிவு பண்ணியிருக்காங்க, முடியாத பாட்டையும் பதிவு பண்ணியிருக்காங்க, அடுத்தவங்க பாட்டை வாசிச்சுப் பழகினதையும் பதிவு பண்ணி வெச்சிருக்காங்க. அன்னிக்கு அதை பண்ணி வெச்சதால தான் எந்தப் பாட்டுல குரலுக்கு எடம் இல்லன்னு 40 வருஷம் கழிச்சு இங்க உக்காந்து நான் சொல்ல முடியுது, அவங்களும் அப்போ திரும்பத் திரும்ப போட்டுக் கேட்டு அதைத் தெரிஞ்சிருப்பாங்க. இன்னிக்கு உங்க கையில உள்ள மொபைல்லயே ரெக்கார்டு பண்ணலாம், அதுக்கு மேல ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் இருந்தா தாராளம்.

எங்க பக்கத்துத் தம்பி ஒருத்தன், சர்ச்சுல கீபோர்டு வாசிக்கறவன், இந்த டெமோவைக் கேட்டுட்டு எ விஷனை தன் போக்குல கீபோர்டுல வாசிக்கப் பாத்தான், மூரோட பகுதி சரியா கேக்கலன்னு அவனாவே எடத்தை நெரப்பி வாசிச்சான், நெரப்பினது மூர் வாசிச்சதை விட வேற மாதிரி இருந்துது, அழகா இருந்துது. நல்ல மிக்ஸ்ல எல்லாம் தெளிவா கேட்டிருந்தா அப்படியே காப்பி அடிச்சிருப்பான். இதை நான் இந்த ரெக்கார்டிங்குக்கு ஒரு பெரிய கூடுதல் மதிப்பாவே வெக்கிறேன்.

மார்க் போடச் சொன்னா, 1986 ஆறு பாட்டுக்கு பத்துக்கு ஆறு, அதுல எ விஷனுக்கு மட்டும் எட்டு. பெர்க்லீ வாத்தியப் பதிவுகளுக்கு ஒன்பது, அது தான் இதுல உள்ள தங்கம். சிடியை வெளிநாட்டுல இருந்து வரவழைக்கணும்னா ஷிப்பிங் சேந்து கை கடிக்கும், அது சேகரிக்கறவங்க வேலை, மத்தவங்களுக்கு ஸ்ட்ரீமிங் போதும். வரிசை மறக்காதீங்க, மொதல்ல பார்ட்டிக்கிள் ஈ மோஷன், பொறவு ஒய் ஒய் ஸீ, அடுத்து அனதர் வன் வாத்தியம், அது முடிஞ்ச கையோட பாடின அனதர் வன், கடைசியா எ விஷன். இந்த அஞ்சும் ஒட்டலன்னா மிச்சத்தைக் கேக்க வேண்டாம், ஒட்டிச்சுன்னா ஸ்கோர் கச்சேரிக்கு போங்க.